பிரஸ்ஸல்ஸ் நடைவழியில் தீர்ந்த ஒரு வழு

உரைகளைக் கேட்பதற்காக மட்டும் யாரும் பிரஸ்ஸல்ஸ் வரை போக வேண்டியதில்லை. மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களை எழுதுபவர்கள் அங்கே கூடும் ஃபோஸ்டெம் மாநாட்டின் அறைகளில் பேசப்படுபவை அந்த நிமிடமே இணையத்தில் நேரலையாகச் செல்கின்றன. பின்னர் ஒவ்வோர் உரையின் காணொளியும், எவர் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளும்படி, மாநாட்டின் சொந்தத் தளத்திலேயே வெளியாகிறது. கட்டற்ற மென்பொருள் உலகில் நடப்பதை நான் பல ஆண்டுகளாக அந்தக் காணொளிகள் வழியாகவே அறிந்துவந்தேன். அதில் குறையேதும் இருந்ததாக எனக்குத் தோன்றியதுமில்லை. அப்படியிருக்க, விசாவுக்கு அலைந்து, விடுப்புச் சொல்லி, குளிர்காலத்தில் கடல் கடந்து போய் வர வேண்டிய தேவை என்ன என்று உடன் பணிபுரிபவர்கள் கேட்டார்கள். போய்வந்த பிறகு அதற்கு என்னிடம் தெளிவான விடை இருக்கிறது. ஒரு மென்பொருளின் போக்கை மாற்றும் முடிவுகளில் பல, அரங்குக்கு வெளியே உள்ள நடைவழியில்தான் எடுக்கப்படுகின்றன. அந்த நடைவழிக்குக் காணொளி கிடையாது. ஆகவே, அங்கே வந்து நிற்க யாரால் முடிகிறது, யாரால் முடிவதில்லை என்பதைப் பயண ஏற்பாட்டுச் சிக்கலாக மட்டும் கருதி ஒதுக்கிவிட முடியாது. எந்த மொழியின் வழுக்கள், அதாவது மென்பொருள் பிழைகள், முதலில் தீர்கின்றன, எவை ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன என்பதை அதுவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

ஃபோஸ்டெம் 2000-ஆம் ஆண்டில் ரஃபேல் போடுவான் என்பவரால் ஆஸ்டெம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது; கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் கேட்டுக்கொண்டதன்பேரில், கட்டற்ற என்று பொருள்படும் 'ஃப்ரீ' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து பெயரின் முன்னால் சேர்ந்து இப்போதைய பெயர் வந்தது. ஆண்டுதோறும் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ வரும் ஒரு சனி, ஞாயிறில், பிரஸ்ஸல்ஸ் கட்டற்ற பல்கலைக்கழகத்தின் சோல்போஷ் வளாகத்தில் இது நடக்கிறது. 8,000-க்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, கழுத்தில் தொங்கவிடும் அட்டையும் இல்லை. நேராக உள்ளே நடந்து போய், பிடித்த அறையில் இடமிருந்தால் அமர்ந்துகொள்ளலாம். ஏற்பாட்டாளர்கள், படம்பிடிப்பவர்கள், வாயிலில் நிற்பவர்கள் எல்லோரும் தன்னார்வலர்களே. பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இலும் 2022-இலும், மாநாடு முழுவதும் மேட்ரிக்ஸ் உரையாடல் வலையமைப்பின் மீது இணையவழியில் நடந்து, 2023-இல் மீண்டும் வளாகத்துக்குத் திரும்பியது.

இப்படி எவரையும் தடுக்காத மாநாட்டுக்குப் போகும் வழியில்தான் ஒரு பெரிய கதவு இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், பணியிடத்திலிருந்து கடிதம், கைரேகை, 2024 ஜூன் முதல் 90 யூரோ கட்டணம் ஆகியவை அதன் தேவைகள். இவற்றில் எதையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நிறைவேற்ற முடியாததாகத் தெரியாது. உண்மையான இடர் நாள்காட்டியில் இருக்கிறது. உரைகளுக்கான அழைப்பு பெரும்பாலும் நவம்பர் இறுதியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ முடிகிறது. தேர்வான உரைகளின் பட்டியல் டிசம்பர் நடுவில் வருகிறது. உடனே கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைகள். விசா முடிவுக்கு வழக்கமாக 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள விதியில் இடமுண்டு. இவற்றைக் கூட்டிப் பார்த்தால், உரை தேர்வான செய்தி வரும் வரை காத்திருப்பவருக்குப் பயண நாளுக்கு முன் விசா கையில் கிடைக்குமா என்பதற்கு உறுதியே இல்லை. பாரிஸிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இருப்பவர் வெள்ளிக்கிழமை மாலை ரயில் ஏறினால் போதும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. மாநாட்டுக்குப் போகிறேன் என்று எழுதினால் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் பதிவுச் சான்றை எதிர்பார்க்கிறார். பதிவே இல்லாத மாநாட்டுக்குச் சான்று எங்கிருந்து வரும்? நான் உரையாளராகத் தேர்வாகியிருந்ததால், வெளியான நிகழ்ச்சிநிரலில் என் பெயர் இருந்த பக்கத்தையும் மாநாட்டைப் பற்றிய விளக்கத்தையும் இணைத்தேன். பார்வையாளராக மட்டும் போக விரும்புபவருக்கு அந்த வழியும் இல்லை. எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எடுத்துவிடப்பட்ட பதிவுமுறை, எல்லைக்கு அப்பால் இருப்பவருக்கு மட்டும் ஒரு தாளைக் குறைத்துவிடுகிறது.

எனக்கு விசா கிடைத்தது. அதே அறையில் பேசத் தேர்வாகியிருந்த மேற்கு ஆப்பிரிக்க நண்பர் ஒருவருக்குக் கிடைக்கவில்லை. தன் மொழிக்கான எழுத்துப்பிழை திருத்தியைத் தன்னந்தனியாகப் பராமரித்து வருபவர் அவர். நாடு திரும்பும் எண்ணம் குறித்து நியாயமான ஐயம் உள்ளதென்று, அச்சிட்ட படிவத்தின் கட்டங்களில் ஒன்றில் குறியிட்டு அனுப்பியிருந்தார்கள். அவருடைய படவில்லைகளை வைத்துக்கொண்டு வேறொருவர் அந்த உரையை நிகழ்த்தினார், நேர்த்தியாகத்தான் நிகழ்த்தினார். ஆனால் உரை முடிந்ததும் நான்கைந்து பேர் எழுந்துவந்து கேட்ட கேள்விகளுக்கு விடை தெரிந்தவர் அந்தக் கண்டத்திலேயே இல்லை.

மாநாடு நடக்கும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும். 1,400 பேருக்கு மேல் அமரக்கூடிய ஜான்சன் அரங்கில் முதன்மை உரைகள் நடக்கின்றன. ஆனால் ஃபோஸ்டெமின் உயிர் 'டெவ்ரூம்' என்று அழைக்கப்படும் சிறிய வகுப்பறைகளில் இருக்கிறது. தரவுத்தளம், இயக்குதளத்தின் உட்கருவான கெர்னல், கணினிமொழிகள், மொழிபெயர்ப்பு, மின்னஞ்சல் என ஒவ்வொரு துறைச் சமூகமும் தனக்கென ஓர் அறையைப் பெற்று, பேச்சாளர்களைத் தானே தேர்ந்து, நிரலைத் தானே வகுத்துக்கொள்கிறது. மாநாட்டுக் குழு மேலிருந்து எதையும் திணிப்பதில்லை. இருக்கைகள் நிரம்பியதும் கதவில் 'அறை நிரம்பிவிட்டது' என்ற தாள் ஏறிவிடும். தீப் பாதுகாப்பு விதிப்படி நடைபாதையில் ஒருவரும் நிற்கக் கூடாது. ஓர் அறையில் இடம்பிடிக்க முந்தைய உரையிலிருந்தே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. வெளியே நிற்கும் கூட்டம் அப்படியே நடைவழியில் தேங்கிப் பேச்சில் இறங்கிவிடும். அந்த நெருக்கடியைப் பலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது மாநாட்டின் மிகப் பெரிய நன்மையாகத் தோன்றியது, ஏனென்றால் உள்ளே போக முடியாத இருவர் ஒரே பொருளில் அக்கறை உள்ளவர்கள் என்பது அந்த வரிசையில் நிற்பதிலிருந்தே உறுதியாகிவிடுகிறது. அறிமுகத்துக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

வைஃபையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இந்தச் சமூகத்தின் குணம் அதில் தெரிவதால். மாநாட்டின் பெயரைத் தாங்கிய முதன்மை வலையமைப்பு 2014 முதல், கணினிகள் இணையத்தில் தொடர்புகொள்ளும் விதிகளான இணைய நெறிமுறையின் 6-ஆம் பதிப்பில் மட்டுமே இயங்குகிறது. பழைய 4-ஆம் பதிப்பு தேவைப்படும் கருவிகளுக்கு வேறொரு வலையமைப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மென்பொருள் எழுதுபவர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் இடத்தில் யாருடைய நிரல் புதிய நெறிமுறையில் உடைகிறதோ, அதை எழுதியவரே பெரும்பாலும் வளாகத்தில் எங்கோ இருப்பார். உடைந்ததைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்து திருத்துவார். வசதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பொதுநன்மையைத் தேடும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

என் வழுவுக்கு வருகிறேன். தமிழில் 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த ஒகரக் குறியை, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடின் ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது கொம்பை ஒரு குறியீடாகவும் காலை இன்னொரு குறியீடாகவும் அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோட் தரமும் இரண்டும் ஒன்றேயெனக் கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் பிரிந்த வடிவமும், நாம் இன்று தட்டச்சு செய்வதில் சேர்ந்த வடிவமும் இருப்பது வழக்கம். நான் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கட்டற்ற உரைத் தொகுப்பானில் (எழுத்துக் கோப்புகளை எழுதித் திருத்தும் மென்பொருளில்) 'கொடி' என்று தேடினால், பழைய கோப்பில் கண்ணெதிரே இருக்கும் 'கொடி' அகப்படாது. ஒரு சொல் கோப்பில் இல்லை என்று நம்பி மேலே போய்விடுகிறோம். தொகுப்பான் பிழைச்செய்தி எதையும் காட்டுவதில்லை. பழந்தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்தி வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதை நான் முன்பே வழுவாகப் பதிந்திருந்தேன். திரைப்பிடிப்புகளும் இணைத்திருந்தேன். அந்தத் தொகுப்பானின் நிரலைப் பேணும் பராமரிப்பாளர் பொறுமையாகச் சோதித்து, தன் கணினியில் சரியாகத் தேடுவதாகப் பதில் எழுதினார். அவர் சொன்னதும் உண்மைதான். வழுப்பதிவில் இருந்த சொல்லை நகலெடுத்து, கோப்பிலும் ஒட்டி, தேடல் பெட்டியிலும் ஒட்டியிருக்கிறார். இரண்டும் ஒரே வடிவமாக இருந்ததால் கிடைத்துவிட்டது. தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியாத ஒருவர், தெரியாத விசைப்பலகையில் இதை வேறு எப்படிச் சோதிக்க முடியும்? எழுத்தில் நான் தந்த விளக்கங்கள் நீண்டுகொண்டே போயின. வழு 'கூடுதல் விவரம் தேவை' என்ற நிலையிலேயே கிடந்தது.

கே கட்டடத்தின் நடைவழியில், மென்பொருள் திட்டங்கள் வரிசையாக மேசை போட்டிருந்த இடத்தில், அந்தத் தொகுப்பானின் மேசைக்குப் பின்னால் அதே பராமரிப்பாளர் நின்றுகொண்டிருந்தார். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் வழு எண்ணை அவரே நினைவிலிருந்து சொன்னார். மடிக்கணினியை மேசையில் வைத்து, ஒரே சொல்லை அடுத்தடுத்த இரு வரிகளில் இரு வடிவங்களிலும் காட்டி, தேடினேன். ஒரு வரி மட்டும் மஞ்சளாயிற்று. அடுத்து, முதல் வரியில் 'கொ'வுக்குப் பின்னால் சுட்டியை நிறுத்திப் பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தினேன். கொம்பும் காலும் சேர்ந்து மறைந்து 'க' மட்டும் நின்றது. இரண்டாம் வரியில் அதையே செய்தபோது கால் மட்டும் போய் 'கெ' நின்றது. அவர் திரையை நோக்கிக் குனிந்து, இன்னொரு முறை செய்யச் சொன்னார். பிறகு அவரே விசைப்பலகையை வாங்கி, அழுத்தக் குறியுடன் கூடிய பிரெஞ்சு எழுத்து ஒன்றை இரு வடிவங்களிலும் தட்டித் தேடினார். இரண்டும் அகப்பட்டன. அந்த வேறுபாடு அவரை நேராக மூலநிரலுக்குக் கொண்டுபோயிற்று.

காரணம் சிறியது. ஒரு குறி முந்தைய எழுத்தோடு எப்படிச் சேர்கிறது என்பதைக் காட்ட, ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் ஒரு சேர்க்கை வகுப்பு எண் தருகிறது. பிரெஞ்சு எழுத்தின் தலைமேல் ஏறும் அழுத்தக் குறிக்கு அது 230. தமிழின் கொம்புக்கும் காலுக்கும் அது 0. அந்தத் தொகுப்பான் வேகம் கருதித் தானே எழுதிவைத்திருந்த ஒரு செயல்கூறு, வகுப்பு எண் 0 என்றால் அது தனி எழுத்து என்று முடிவுகட்டி, சேர்த்துப் பார்ப்பதை விட்டுவிடுகிறது. ஐரோப்பிய மொழிகளை மட்டும் முன்னால் வைத்து யோசித்தால் அது முற்றிலும் நியாயமான குறுக்குவழி. அந்த வரிகளை நீக்கிவிட்டு, பொதுவான நிரல் நூலகம் ஒன்றில் இருக்கும், இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் இயல்பாக்கச் செயல்கூற்றை அழைத்தால் போதும் என்று அவரே சொன்னார். ஒட்டுவில்லை கேட்டு வந்தவர்களுக்கு ஒரு கையால் எடுத்துக் கொடுத்தபடியே மாற்றத்தை எழுதி முடித்தார். அவரிடம் நான் வியந்தது அறிவை மட்டுமன்று. தன் நிரலின் குறை பலர் முன்னிலையில் வெளிப்பட்டபோது அவர் முகத்தில் மகிழ்ச்சிதான் இருந்தது.

தமிழ் எழுத்துகள் திரையில் சரியாகத் தெரிய வேண்டுமானால் அடியில் இருக்கும் பொது நிரல்கள் சரியாக இருக்க வேண்டும். அவற்றைப் பேணுபவர்களோ மிகச் சிலர். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆஃபிஸ் ஆகிய நான்கிலும் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நிரல்தொகுப்பு செய்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தச் சிலரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதன் மதிப்பு விளங்கும். ஆங்கிலம் தடையாகுமோ என்ற தயக்கம் தேவையில்லை. அங்கே பெரும்பாலோருக்கு அது இரண்டாம் மொழியோ மூன்றாம் மொழியோதான். நிறுத்தி நிறுத்திப் பேசுவதும், தாளில் வரைந்து காட்டுவதும் அங்கு இயல்பு.

இத்தனை நன்மை கண்ட பிறகும் என் மனத்தில் நின்றது அந்த மேற்கு ஆப்பிரிக்க நண்பரின் காலியிடம். அவருடைய மொழிக்கும் இப்படியொரு வழு இருந்திருக்கலாம். அதே மேசையில் தீர்ந்திருக்கலாம். எல்லோரும் நடைவழிக்கு வர முடியாத உலகில், நடைவழிக்கு இவ்வளவு அதிகாரம் இருப்பது நியாயமா? இதற்குச் சில சமூகங்கள் முன்பே விடை கண்டிருக்கின்றன. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப், தன் பணிக்குழுக்களின் கூட்டத்தில் எட்டிய இசைவை மின்னஞ்சல் குழுவில் உறுதிசெய்தே ஆக வேண்டும் என்று 1998-இல் வெளியிட்ட தன் நடைமுறை ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவற்றைத் தாங்கும் அப்பாச்சி அறக்கட்டளையிலும், மின்னஞ்சல் குழுவில் நடக்காதது நடக்காததாகவே கொள்ளப்படும் என்பது நெடுநாள் வழக்கு. டெபியன் என்ற கட்டற்ற இயக்குதளத்தை உருவாக்கும் சமூகம் வேறு வழியில் போகிறது. தன் ஆண்டு மாநாட்டை 2022-இல் கொசோவோவின் பிரிஸ்ரென், 2023-இல் கொச்சி, 2024-இல் தென்கொரியாவின் பூசான், 2025-இல் பிரான்சின் பிரெஸ்ட் என இடம் மாற்றிக்கொண்டே செல்கிறது. வர முடியாதவர்களுக்குப் பயண உதவித்தொகையும் தருகிறது. விசாவுக்கு அலைய வேண்டிய முறை ஆண்டுக்கு ஆண்டு வேறொருவருக்குப் போகிறது. அது ஒரு நீதி.

ஃபோஸ்டெமால் அப்படி நகர முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே பல்கலைக்கழகம், அந்த ஊரைச் சுற்றியுள்ள தன்னார்வலர்கள், கட்டணமே இல்லாத நடைமுறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றவை சரியும். ஆனால் அங்கு கூடும் ஒவ்வொரு திட்டமும் செய்யக்கூடியவை உண்டு. உரைகளுக்கான அழைப்பை ஒரு மாதம் முன்னதாக முடித்தால் பல விசாக்கள் நேரத்துக்குக் கிடைக்கும். உரையாளருக்கு அழைப்புக் கடிதம் கேட்காமலே அனுப்பலாம். திட்டத்தின் நன்கொடைப் பணத்தில் ஒரு பகுதியைத் தொலைவிலிருந்து வருபவர்களின் பயணத்துக்கென ஒதுக்கலாம். வழங்கிக் கணினிகளுக்கான வாடகையைப் போலவே அதையும் திட்டத்தின் இயல்பான செலவாகக் கருதலாம். இவற்றையெல்லாம் விட முக்கியமானது, நடைவழியில் பேசியதை எழுதிவைப்பது.

அதை நான் அன்று இரவே செய்தேன். வழுப்பதிவில், இரு வடிவங்களின் குறியீட்டு எண்களையும், சேர்க்கை வகுப்பு பற்றிய காரணத்தையும், பராமரிப்பாளர் எடுத்த முடிவையும், அவர் கைவிட்ட மாற்று வழியையும் ஒன்றுவிடாமல் எழுதி, இரு வரிச் சோதனைக் கோப்பையும் இணைத்தேன். மேசையருகே நின்றிராத எவரும் எங்கள் உரையாடலைத் தொடர முடிய வேண்டும் என்பதே நோக்கம். சில நாள் கழித்து வங்காள மொழிப் பயனர் ஒருவர் அதில் பதில் எழுதியிருந்தார். வங்காளத்தின் ஒகாரக் குறியும் இதே போல இரு துண்டாகச் சேமிக்கப்படக்கூடியது. அதே கோப்பைத் தன் மொழியில் அமைத்துச் சோதித்தபோது பழைய பதிப்பில் தேடல் தவறியதாகவும், புதிய மாற்றத்தில் சரியாகக் கிடைத்ததாகவும் குறிப்பிட்டிருந்தார். அதற்குக் கீழேயே மலையாளத்துக்கான சோதனையையும் ஒருவர் சேர்த்திருந்தார். அந்த இருவருமே பிரஸ்ஸல்ஸுக்கு வந்தவர்கள் அல்லர். பராமரிப்பாளர் மூன்று மொழிகளின் சொற்களையும் தொகுப்பானின் தானியங்கிச் சோதனைகளில் சேர்த்துவிட்டு, வழுவை மூடினார்.